பெண் பார்க்க வந்தவர்களுக்குப் போட்ட பாட்டு

“தங்கச்சியப் பொண்ணு பாக்க வர்ற வாரத்துல எவனாச்சும் ஸ்பீக்கர் வாங்குவானாடா?” என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மாதக்கணக்கில் நான் அலைந்து தேடிய ஸ்பீக்கர் அந்த வாரத்தில்தான் கண்ணில் பட வேண்டும் என்று என் தலையில் எழுதியிருந்தால் நான் என்ன செய்ய?

தங்கச்சிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் தேத்தண்ணி குடித்ததோடு போய்விட்டன. ஒருவருக்கு நாங்கள் இன்னும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பது பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு என்ன பிடிக்கவில்லை என்று கடைசிவரை தெரியவில்லை, போனையே எடுக்கவில்லை. இப்போது வந்திருப்பது குருவிட்டப் பக்கம் பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர், தங்கச்சியோடு இரண்டு தடவை போனில் பேசியும் இருந்தார். அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தவள். “என் புள்ள கூடையத் தொடாம ஒரு கடக்காரங்க வீட்டுல போயி ஒக்காரணும்” என்பது அவள் சாமியிடம் வைத்த வேண்டுதல். அப்பா இல்லாத வீடு என்பதால் பேச்சுவார்த்தையெல்லாம் மாமா, அம்மாவின் தம்பி. இதுவும் தட்டிப்போனால் அம்மா படுத்துவிடுவாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிற எதையும் யாரும் செய்யக் கூடாது. அதுதான் வீட்டுச் சட்டம்.

சரி, ஸ்பீக்கர் கதைக்கு வருகிறேன்.

நான் பலாங்கொடையில் போன் திருத்துகிற கடையில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் சிங்கள நண்பன் ஒருநாள் பஸ்ஸில் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் சொருகினான். ஹெவி மெட்டல். ஐயோ, முதலில் பயந்தே போனேன். எவனோ ஒருவன் அடித்தொண்டையிலிருந்து உறுமுகிறான். பின்னால் டிரம்ஸ்காரன் இரண்டு காலாலும் மாறி மாறி உதைத்துத் தள்ளுகிறான். டபுள் கிக் என்பார்கள். பஸ் எங்கள் சந்திக்கு வருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்று கேட்டால், எனக்குக் கோபம் அதிகம், அவ்வளவுதான். கோபத்தைக் காட்டுகிற இடத்தில் நான் பிறக்கவில்லை. தோட்டத்துத் துரையிடம் காட்ட முடியாது. கடை முதலாளியிடம் காட்ட முடியாது. தானே போனைக் கீழே போட்டு உடைத்துவிட்டு வந்து என்னைத் திட்டுகிற கஸ்டமரிடமும் காட்ட முடியாது. எனக்குப் பதிலாக எங்கேயோ ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துகிறான் என்றால் சும்மாவா?

இயர்போனில் கேட்டால் சத்தம் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. அது நெஞ்சில் வந்து மோத வேண்டும். அதற்கு ஸ்பீக்கர் வேண்டும். எங்கள் பக்கத்துக் கடைகளில் விற்பதெல்லாம் ஆளுயரப் பெட்டி. சிவப்பும் நீலமுமாக லைட் எரியும், பைலாப் பாட்டுப் போட்டால் கல்யாண வீடே ஆடும். அதில் மெட்டலைப் போட்டுப் பாருங்கள். உதைக்கு உதை இடைவெளியே இருக்காது. அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிதாரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, ஆறிப்போன கஞ்சி மாதிரி ஒரே குழம்பலாக வரும். கேட்கிறவன் ‘இதெல்லாம் ஒரு பாட்டா’ என்பான். பாட்டில் குற்றமில்லை, பெட்டியில்தான் குற்றம். எனக்கு வேண்டியது ஒவ்வோர் உதையும் தனித்தனியாக விழுகிற பெட்டி. விழுந்த உதை சட்டென்று நிற்க வேண்டும், இழுபடக் கூடாது. கத்துகிறவன் என்ன வார்த்தை கத்துகிறான் என்று தெரிய வேண்டும். இதைச் சொன்னால் கடைக்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

இரத்தினபுரி டவுனில் ரீகண்டிஷன் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. ஜப்பானில் பாவித்துக் கழித்த டிவி, ஃபேன், ரேடியோ எல்லாம் கப்பலேறி வந்து அங்கே குவிந்து கிடக்கும். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா.

“வாங்க தம்பி. ஸ்பீக்கரா? வீட்டுக்கா, கோயிலுக்கா?”

“வீட்டுக்குத்தாங்க நானா.”

“அப்ப இத எடுங்க.” லைட் எரிகிற ஆளுயரப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். “இதப் போட்டா மலைக்கு அந்தப் பக்கம் ஈக்கிறவனும் எழும்பி ஆடுவான்.”

“அந்தப் பக்கத்துக்காரன் தூங்கட்டுங்க நானா. எனக்குக் கேட்டாப் போதும்.”

என் போனைக் கொடுத்து, நான் எப்போதும் சோதித்துப் பார்க்கிற பாட்டைப் போடச் சொன்னேன். உறுமல் தொடங்கியதும், அங்கே ரைஸ் குக்கர் பார்த்துக்கொண்டு நின்ற சிங்கள அம்மா “அனே!” என்று கையிலிருந்த மூடியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நானா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“யா அல்லாஹ்! தம்பி, இது யாரு யாரக் கொல பண்ற?”

“பாட்டுங்க நானா.”

“பாட்டா? பாடுறவருக்கு ஒடம்புக்கு ஏலாதா?”

பெரிய பெட்டியில் நான் பயந்த மாதிரியே கஞ்சிதான் வந்தது. திரும்பலாம் என்று நினைத்தபோது, மூலையில் ஃபேன்களுக்கு அடியில் ஒரு ஜோடிப் பெட்டி தெரிந்தது. முழங்கால் உயரம், மரம், முன்பக்கத் துணி கிழிந்திருந்தது. ஒன்றின் மேல் நானா பூச்சாடி வைத்திருந்தார். “அது பழசு தம்பி, லைட்டும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே விளையாட்டுக்கு வயரைக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். உதை ஒவ்வொன்றும் நறுக்கிவைத்த மாதிரி தனித்தனியாக வந்து விழுந்தது. உறுமலுக்குள் வார்த்தை தெரிந்தது. எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. “இதுதாங்க நானா” என்றேன். நானாவுக்கு என் மேலிருந்த மரியாதை அத்தோடு போய்விட்டது. “விசேஷ வீட்டுக்கு இது சரிவராது, பொறவு என்னய ஏசக் கூடாது” என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்.

எங்களுடையது லயத்தில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி வீடு. நானாவிடமே வாங்கின சின்ன ஆம்ப்ளிஃபையரை முன்னறை டிவி மேசையிலும், அதற்கு இரண்டு பக்கமும் பெட்டிகளையும் வைத்து, தரை அதிராமலிருக்கப் பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடியில் கொடுத்தேன். தகரக் கூரை கொஞ்சமும் அதிரவில்லை. தங்கச்சி உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டாள்.

“அண்ணே, ஒங்க ஆளு என்ன கத்துறான்னு இப்பத்தான் வெளங்குது. பாவம், அவனுக்கு வீட்டுல ஏதோ கஷ்டம்.”

அம்மா பெட்டிகளின் மேல் லேஸ் துணி விரித்துப் பிளாஸ்டிக் பூ வைத்தாள். “ஞாயித்துக்கெழம இதுல கைய வச்சே, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்” என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று தொடக்கூடாது என்றுதான் நானும் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் வந்தது. மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூன்று பேர். மாமா “வாங்க முதலாளி, வாங்க” என்று படி வரைக்கும் இறங்கிப்போய் அழைத்து வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, அந்தக் கடை முதலாளி, நல்ல பேச்சுக்காரர். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை, எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. மாப்பிள்ளையும் குறை சொல்ல முடியாத ஆள். தங்கச்சி தேத்தண்ணித் தட்டோடு வந்தபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். அம்மாவின் முகத்தில் அதைப் பார்த்ததும் வெளிச்சம்.

மாப்பிள்ளையின் அம்மா மெலிந்த உருவம். வந்ததிலிருந்து பேசவே இல்லை. பிஸ்கட் தட்டை நீட்டினால் முதலில் கணவரின் முகத்தைப் பார்ப்பார், அவர் தலையாட்டினால் ஒன்றை எடுப்பார். “என்னா அடக்கம் பாரு, கொடுத்து வச்ச மாமியா” என்று அம்மா அடுப்படியில் என்னிடம் கிசுகிசுத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்ல மாமியார், சண்டைக்கு வரமாட்டார்.

எல்லாம் வாய்ப்பாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா தாம்பூலத் தட்டை மேசையில் வைத்துவிட்டார். நாள் குறிக்கிற பேச்சு வரப்போகிற நேரம், மாப்பிள்ளையின் கண் லேஸ் துணிக்கு அடியில் போய்விட்டது.

“என்ன மச்சான், ஸ்பீக்கரா? போடுங்க பாப்போம்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணாலேயே என்னை எரித்தாள். வருங்கால மாப்பிள்ளை கேட்டதை எப்படி மறுப்பது? போனை இணைத்து, மெல்லிசாக ஒரு பழைய சினிமாப் பாட்டுப் போட்டேன்.

“இதில்ல மச்சான். ஒங்க தங்கச்சி போன்ல சொல்லுச்சு, நீங்க வேற மாதிரிப் பாட்டெல்லாம் கேப்பீங்களாமே. அதப் போடுங்க.”

“அது பெரியவங்க இருக்கக்குள்ள சரிவராதுங்க.”

“அட, போடுங்க. அப்பாவும் கேக்கட்டும்.” சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து போனை வாங்கி, அவரே ஒன்றைத் தொட்டார். அவரே ஆம்ப்ளிஃபையரின் குமிழையும் பாதிக்கு மேல் திருப்பினார்.

டபுள் கிக் விழுந்தது. அறை முழுக்க, தனித்தனியாக, ஒன்று விடாமல். முதலாளி காதைப் பொத்திச் சிரித்தார். மாமா அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். நான் குமிழைக் குறைக்கக் குனிந்தேன். அப்போதுதான் பிஸ்கட் தட்டு தரையில் விழுந்து உருண்டது.

அந்த அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கண் மேலே சொருகியிருந்தது. உதைக்கு ஒரு குலுக்கல், உதைக்கு ஒரு குலுக்கல். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. நாற்காலியிலிருந்து எழும்பி, தலையைச் சுழற்றி, ‘ஹ்ஹா’ என்று ஒரு மூச்சு விட்டார்.

சாமி வந்துவிட்டது.

கடவுளே, சாமி வருகிற பாட்டா அது! தோட்டத்துத் திருவிழாவில் தப்புச் சத்தத்துக்கு வரும், உடுக்கைச் சத்தத்துக்கு வரும். வெள்ளைக்காரன் இரண்டு காலால் உதைத்ததற்கு வந்து நான் பார்த்ததில்லை. நானா கடையின் ஆளுயரப் பெட்டியை வாங்கியிருந்தால் கஞ்சிதான் வந்திருக்கும், ஒன்றும் நடந்திருக்காது. ஒவ்வோர் அடியும் தெளிவாக விழ வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கினேன், இப்போது அடி அடியாகச் சாமி இறங்கி முன்னறையில் நிற்கிறது. பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தப் போனேன்.

“டேய்! நிறுத்தாத!”

கத்தியது அம்மா. பிறந்ததிலிருந்து ‘நிறுத்துடா, நிறுத்துடா’ என்றே சொல்லி என்னை வளர்த்த அம்மா.

“சாமி நிக்கக்குள்ள மேளத்த நிறுத்துனா அவங்களுக்குத்தான் கேடு. போடு. மலையேறுற வரைக்கும் போடு!”

அதுதான் எங்கள் வழக்கம். சாமி தானாக இறங்கிப் போகும்வரை மேளம் ஓயக் கூடாது. மேளக்காரனுக்குக் கை கடுத்தாலும் இன்னொருவன் வாங்கி அடிக்க வேண்டும். இங்கே மேளக்காரன் நான். அம்மா மஞ்சள் தண்ணிக்கு ஓடினாள், தங்கச்சி கற்பூரத்துக்கு ஓடினாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்து, ஐயையோ, சிங்களத்தில் ஒரு சவர்க்காரத் தூள் விளம்பரம்! ஒரு பெண் கொஞ்சுகிற குரலில் வெள்ளைச் சட்டையைப் பற்றிப் பேசுகிறாள், நடுவில் சாமி மூச்சு வாங்கிக்கொண்டு துடிக்கிறது. “மேளம் எங்கடா?” என்று அம்மா அலறினாள். விளம்பரத்தைத் தள்ளிவிட்டேன். அடுத்த பாட்டோ மழையும் மணியோசையுமாக ஆறுதலாகத் தொடங்குகிறது. அதையும் தள்ளி, எனக்குத் தெரிந்ததிலேயே மிக வேகமான பாட்டை எடுத்துப் போட்டேன். உதை விழுந்ததும் அந்த அம்மாவின் உடம்பு மறுபடி தாளத்துக்கு வந்தது. சத்தம் கேட்டு லயமே எங்கள் முன்வாசல் இஸ்தோப்பில் கூடிவிட்டது. பெண்கள் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அம்மா கற்பூரம் காட்டிக் கேட்டாள். “யாரு வந்திருக்கது? எங்க மேல என்ன கொற? சொல்லு தாயே.”

“சொன்னாக் கேப்பியா?”

அந்த மெலிந்த உடம்பிலிருந்து வந்த குரலா அது? வயிற்றிலிருந்து வந்தது. பெட்டியில் உறுமுகிறவனும் அவரும் ஒரே கட்டையில் பேசுகிற மாதிரி இருந்தது.

“கேக்குறோம் தாயே.”

“பொண்ணக் குடுக்காத.”

முதலாளியின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது.

“அந்த வீட்டுல அடிக்கிறாங்க. கடயச் சாத்திட்டு வந்து அடிக்கிறாங்க. வெளிய கேக்கக் கூடாதுன்னு ரேடியோவ ஒரக்க வச்சிட்டு அடிக்கிறாங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து இவ வாங்குறா.” இவ என்று சொல்லும்போது தன் நெஞ்சிலேயே ஓங்கித் தட்டிக்கொண்டார். “மகன் அப்பிடியில்லன்னு நெனச்சியா? கொழும்புலருந்து வாரப்பெல்லாம் அப்பனுக்குக் கை அலுத்தா மகன் அடிக்கிறான். பெத்தவளுக்கே கை ஓங்குறவன், கட்டுனவள விடுவானா? சொல்லுடி!”

எழுந்து நின்று தேத்தண்ணி வாங்கின மாப்பிள்ளையா? என்னை மச்சான் என்று கூப்பிட்ட அந்த மனுஷனா?

“அம்மா, போதும்! நடிக்காத!”

மாப்பிள்ளை பாய்ந்து வந்து அவருடைய மேற்கையைப் பிடித்தார். அப்போது நடந்ததை நான் இத்தனை பக்கத்திலிருந்து பார்த்திருக்காவிட்டால் இன்றுவரை நம்பியிருக்க மாட்டேன். தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்த அந்த உருவம் சட்டென்று ஒடுங்கியது. அடுத்த கை தானாக மேலே போய் முகத்தை மறைத்தது. முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி, அடி எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்த மாதிரி. சாமி முகத்தை மறைக்குமா? எந்தச் சாமிக்கு அந்தப் பயம் இருக்கிறது?

“கைய எடுங்க தம்பி! சாமியத் தொடக் கூடாது!” என்று இஸ்தோப்பிலிருந்து நாலைந்து பெண்கள் ஒன்றாகக் கத்தினார்கள். மாப்பிள்ளை கையை விட்டார். விட்டதும் நேராகச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்க வந்தார். நான் பிளக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“தள்ளுங்க மச்சான்.”

“சாமி நிக்குது. நிறுத்தக் கூடாது.”

“இதெல்லாம் ஒரு சாமியா? தள்ளுடா!”

“தள்ள மாட்டேன்டா.”

யாரிடமும் காட்டாத கோபமெல்லாம் அன்றைக்கு என் முதுகில் வந்து நின்றது. அவன் என் சட்டையைப் பிடித்தான். நான் அசையவில்லை. வாசலில் லயமே நிற்கிறது, அவனால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. எனக்குப் பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா தங்கச்சியின் பக்கம் திரும்பினார். குரல் அடங்கியிருந்தது. “ஏ புள்ள. வந்துறாத” என்றார். கால் மடிந்து அப்படியே தரையில் சரிந்தார்.

அம்மா அவர் நெற்றியில் விபூதி பூசி, மஞ்சள் தண்ணி தெளித்து, “போதும்டா” என்று எனக்குக் கை காட்டினாள். நிறுத்தினேன். காதுக்குள் ‘ஙொய்’ என்றது. தங்கச்சி அவரைக் கைத்தாங்கலாக அடுப்படிக்குக் கூட்டிப் போனாள்.

முன்னறையில் முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்!

“இவளுக்கு இடைக்கிட இப்பிடித்தான். வாய்க்கு வந்தத ஒளறுவா, பொறவு ஒண்ணும் தெரியாது. அத விடுங்க. நாம நாளப் பாப்பமே.”

நான் மாமாவைப் பார்த்தேன். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற மனுஷன், இப்போது எழுந்து கையைப் பிடித்து வெளியே அனுப்புவார் என்று பார்த்தேன். மாமா தொண்டையைச் செருமினார். “அதுதானுங்க முதலாளி. அந்தப் பாட்டுச் சத்தத்துல யாருக்கு என்ன சரியாக் கேட்டுச்சு? ஒண்ணும் கேக்கல” என்றார்.

கேட்கவில்லையா? அந்தப் பெட்டியில், அந்த அறையில், கேட்கவில்லையா? இஸ்தோப்பில் நின்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, “ஆமா, சரியா வெளங்கல” என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சாமி சொன்னதைவிட இதுதான் எனக்குப் பேரதிர்ச்சி. கண்ணெதிரே நடந்ததை, நடந்த சூடு ஆறுவதற்குள், எல்லாருமாகச் சேர்ந்து கேட்காததாக்கிவிட்டார்கள். அம்மா மட்டும் கற்பூரத் தட்டோடு நின்றாள். அந்த முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை.

முகம் கழுவத் தண்ணி வேண்டும் என்று உள்ளேயிருந்து தங்கச்சி கூப்பிட்டாள். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனேன். அந்த அம்மா பலகையில் உட்கார்ந்து கொண்டையை முடிந்துகொண்டிருந்தார். சாமி ஆடினவர்களுக்கு ஆடியது நினைவிருக்காது, அவர்களிடம் அதைச் சொல்லவும் கூடாது என்பார்கள். அதனால் தங்கச்சி வாயைத் திறக்காமல் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் முன்னறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்து, அதே பழைய மெல்லிய குரலில் கேட்டார்.

“சாமி சொன்னது ஒனக்குக் கேட்டுச்சாம்மா? அந்தச் சத்தத்துல அமுங்கிப் போயிறலையே?”

நான் வாளியைச் சத்தமில்லாமல் வாசலில் இறக்கி வைத்தேன்.

தங்கச்சி ஆற்றின தேத்தண்ணியை நீட்டினாள். “ஒரு சொல்லு விடாமக் கேட்டுச்சுங்க அத்தே.”

“சரிம்மா” என்றார். தேத்தண்ணியை வாங்கி முழுசாகக் குடித்தார். முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்து, முன்னறைக்கு வந்து கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்னா ஆட்டம் ஆடுனே, தெரியுமா?” என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்க.”

தங்கச்சி பின்னாலேயே வந்தாள். “மாமா, எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மாமா “ஏய், உள்ள போ” என்று சீறினார். நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக வேண்டுதல் வைத்தவள், இப்போது விழப்போகிறாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன். அம்மா விழவில்லை. நேராக வந்து மேசையிலிருந்த தாம்பூலத் தட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“சாமியே வாய் தொறந்து வேணாம்னு சொல்லிருச்சுங்க. அத மீறிப் பொண்ணக் குடுக்க எங்களால ஏலாதுங்க” என்றாள்.

சாமியை எதிர்த்து எங்கள் லயத்தில் நின்று எவன் பேசுவான்? முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளை முதலிலேயே போய் வேனில் ஏறிவிட்டான். மாமா மட்டும் “கோவிச்சுக்காதீங்க முதலாளி, கோவிச்சுக்காதீங்க” என்று பின்னாலேயே ஓடினார். அந்த அம்மா கடைசியாக இறங்கினார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நாங்களும் கும்பிட்டோம். பின் சீட்டில் மகனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வேன் கதவை அவன்தான் இழுத்துச் சாத்தினான்.

வேன் ஃபாக்டரி வளைவைத் தாண்டி மறைந்தது. எனக்கு உடம்பெல்லாம் விட்டுப்போன மாதிரி ஒரு நிம்மதி. தப்பித்தோம் என்று அம்மா வாய்விட்டே சொன்னாள். தங்கச்சி மட்டும் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே,” என்றாள். “அவங்கள ஏண்ணே அந்த வேன்ல ஏத்தி அனுப்புனோம்?”

கொஞ்சம் முன்னால்தான் நாங்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று, போய்ட்டு வாங்க என்று கும்பிட்டு அனுப்பியிருந்தோம்.